பயனாளி எண் ஒன்று

பயனாளி எண் ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊட்ட மையத்தின் எழுத்தர் அவளை மடியில் சாய்த்து வைத்து, கரைத்த மாவை அளவுக் கரண்டியில் எடுத்து, ஊதி ஆறவைத்து, உதட்டில் வைத்தார். உதடு திறக்கவில்லை. எழுத்தர் பத்து வரை எண்ணினார். பிறகு கரண்டியில் இருந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். ஈரத்துணியால் அவள் வாயைத் துடைத்தார். பதிவேட்டில் ‘உட்கொண்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் ஒரு பொம்மை.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். என் இடது தோளில் என் மகள் பட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் வேலை சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்குவது. இருபத்திரண்டு வருடமாக ஐம்பது கிலோ மூட்டை சுமந்த தோளுக்குப் பத்துக் கிலோ பிள்ளை ஒரு கனமே இல்லை. கனமாக இல்லை என்பதுதான் தொல்லை. பட்டுவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. நடக்கவில்லை. பேசவில்லை. யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. மெல்லத் தெரியாது, வாயில் வைத்ததைத் துப்பிவிடுவாள். அவளுடைய அம்மா, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். ஒருவன் மட்டும் பேசினால் அது பேச்சில் சேராது என்று கொஞ்ச நாளில் நானும் விட்டுவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். இவள் எல்லாப் பிள்ளைகளையும்விடத் தாமதமாக வருவாள், ஆனால் வருவாள். உடம்பில் சத்து இல்லை. சத்து மாவு கொடுத்தால் அது பேச்சைக் கொண்டுவராது, நடையைக் கொண்டுவராது, தெம்பைக் கொண்டுவரும். தெம்பு வந்தால் பயிற்சி கொடுக்கலாம். மென்று தின்னப் பழகும்வரை, இரண்டு வருடமாவது, மாவை நிறுத்தக் கூடாது. கடையில் விற்கிற மாவு என் கூலிக்கு எட்டாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மையத்தின் பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். ‘வளர்ச்சித் தாமதமுற்ற மழலையர் மேம்பாட்டு ஒருங்கிணைந்த சிறப்பு ஊட்ட மையம்’ என்பதில் கடைசி இரண்டு சொல்லும் பக்கத்துச் சைக்கிள் கடைச் சுவரில்தான் இருந்தன. அதனால் பாதிப் பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டார். கையில் இருக்கிற திருப்புளியால் பக்கத்துக் கதவைக் காட்டுவார்.

மையத்துக்கு மாதம் ஆறு டப்பா வரும். எந்தப் பிள்ளை அதிகம் பின்தங்கியதோ அதற்கு முதல் டப்பா. வரிசையைக் கம்ப்யூட்டர் போடும். பட்டு ஏழாவது. எண் ஒன்று யார் என்று எழுத்தரிடம் கேட்டேன். கழுவுதொட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தாய்மார்களுக்குப் பிள்ளையைப் பிடிக்கவும் ஊட்டவும் சொல்லிக்கொடுக்க அந்தப் பொம்மையை வாங்கியிருக்கிறார்கள். துணி உடம்பு, உள்ளே மணல், ஆறு கிலோ நூறு கிராம். பதிவேடு கம்ப்யூட்டருக்கு மாறிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் பெயராக அதைப் பதிந்தார்கள். பிறந்த தேதி கேட்ட இடத்தில் வெறுமனே ‘நான்கு வயது’ என்று போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நாலு வயது. ஆறு கிலோ. பேச்சில்லை, நடையில்லை, பதினோரு வருடமாக ஒரு கிராம் ஏறவில்லை. இப்படிப் பின்தங்கிய பிள்ளை எங்குமே இல்லை என்று கம்ப்யூட்டர் அவளை உச்சியில் வைத்துவிட்டது. பெயரை எடுக்க மூன்று வழி: பிள்ளை தேற வேண்டும், இறக்க வேண்டும், அல்லது பெற்றவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றும் அவளிடம் நடக்காது.

எழுத்தர் கெட்டவர் இல்லை. ஆறவைக்காமல் ஊட்டினால் மனது கேட்கவில்லை என்றார்.

அலுவலர் அம்மாவிடம் போனேன். மேசையில் கண்ணாடிக்கு அடியில் சிரிக்கிற குழந்தைகளின் படம் நிறைய வைத்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“இங்க பாருங்க, எங்களுக்குப் பாரபட்சம் கிடையாது. ஏழை பணக்காரன் பாக்கறதில்ல, சாதி பாக்கறதில்ல. அதே மாதிரி, உசிரு இருக்கா இல்லையான்னும் பாக்கறதில்ல. அதெல்லாம் பாக்க ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்? எடை என்ன, வரிசை என்ன, அவ்வளவுதான் எங்க வேலை.”

என் பிள்ளைக்கு உயிர் இருப்பதால் அவள் ஏழாவதாகிவிட்டாளா என்று கேட்டேன். உயிர் இருப்பது ஒரு முன்னேற்றம்தானே என்றார்.

குடோனுக்குப் புதன்கிழமை விடுமுறை. புதன்தோறும் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்ற ஐந்து டப்பாவுக்கும் தாய்மார்கள் வருவார்கள், டப்பாவைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். யாரும் என்னோடு பேச மாட்டார்கள். ஏழாவது ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆறாவது ஆளுக்குப் பயம். சரியாகப் பதினொன்றரைக்கு எண் ஒன்று சாப்பிடுவாள். பட்டு என் மடியில் விரலைச் சப்பிக்கொண்டு கழுவுதொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்பாள்.

அப்படி மூன்று மாதம் போனது. அதற்குள் தணிக்கை வந்தது. அதிகாரிகள் பொம்மைக்கு மாவு ஊற்றியதைக் குறை சொல்லவில்லை. பதினோரு வருடமாகப் பயனாளி எண் ஒன்றின் பராமரிப்பாளர் கையெழுத்து இல்லை என்று குறை எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த புதன்கிழமை அலுவலர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அதற்கு முன் எனக்கு அங்கே நாற்காலி போட்டதில்லை.

எண் ஒன்றுக்கு நான் பராமரிப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் முதல் டப்பா மாதாமாதம் என் கையில். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பயனாளிதான். பட்டுவின் பெயரை அடித்துவிடுவார்கள்.

யோசித்தேன். பட்டுவுக்கு வேண்டியது மாவு, எண் இல்லை. கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் பட்டுவின் எண்ணுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். நான் எழுந்தபோது எண் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பயனாளி பராமரிப்பாளர் வீட்டில்தான் வசிக்க வேண்டுமாம். அவளுடைய மாற்று உடுப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, வெயிலில் வைக்காதீங்க என்று மட்டும் சொன்னார்.

இடது தோளில் பட்டு, வலது தோளில் அவள். பேருந்தில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே என்றார். நான் உட்கார்ந்துகொண்டேன்.

பகலில் பட்டுவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. மெஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது.

“ஒண்ணைத் தூக்கவே ஆள் இல்ல. அதுக்குள்ள இன்னொண்ணா, தம்பி?”

நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, மாவு நல்லா இருக்கு என்றது.

சாயந்தரம் மாவைக் கரைத்துப் பட்டுவின் வாயில் வைத்தேன். துப்பினாள். மறுபடி வைத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். கை சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் சாய்ந்தபடி எண் ஒன்று இருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, எழுத்தர் செய்தது போலவே கரண்டியை ஊதி அவள் உதட்டில் வைத்துப் பத்து எண்ணினேன். துணியால் துடைத்துவிட்டேன். திரும்பினால் பட்டு வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

மூன்று மாதப் புதன்கிழமைகள் அவள் அந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாடு என்றால் இப்படித்தான் நடக்கும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். முதல் வாய் எண் ஒன்றுக்கு. பத்து எண்ண வேண்டும். துடைக்க வேண்டும். பிறகு தனக்கு. ஒன்பதோடு நிறுத்தினால் வாய் திறக்காது.

நாளுக்கு இரண்டு வேளை அப்படியே ஊட்டினேன். பட்டு தூங்கிய பிறகு வீட்டில் நானும் எண் ஒன்றும் இருப்போம். லாரி வந்ததையும், மேஸ்திரி மூட்டைக் கணக்கில் கத்தியதையும், முதுகில் எங்கே பிடித்துக்கொண்டது என்பதையும் அவளிடம் சொல்வேன். பேச்சு மறுபடி வந்தது. அவள் குறுக்கே பேச மாட்டாள். பல வருடத்துக்குப் பிறகு எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் பட்டு கனத்தாள். தராசு வேண்டாம், என் தோளே சொல்லும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மையத்தில் எழுத்தரிடம் சொன்னேன். பட்டுவின் பெயர் அடிக்கப்பட்டுவிட்டதால் எழுத இடம் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

அவர்கள் எடை போட்டது எண் ஒன்றை. ஆறு கிலோ நூறு. அடுத்த மாதமும் ஆறு கிலோ நூறு. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. மையத்தில் இருந்தபோது மாவு வீணானது, அது நிர்வாகச் செலவு. வீட்டில் இருந்தும் எடை ஏறவில்லை என்றால் அது பராமரிப்பாளரின் அலட்சியம். விசாரணைக்குப் போனேன். வேளைக்கு எவ்வளவு ஊட்டினீர்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று அலுவலர் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அலுத்துவிட்டது.

“அம்மா, அது பொம்மை.”

எழுத்தரின் பேனா நின்றது. அலுவலர் அம்மா சுவரில் இருந்த எழுத்தைக் காட்டினார். ‘குழந்தைகளுக்கு முத்திரை குத்தாதீர்’ என்று இருந்தது.

“ஒரு பராமரிப்பாளர் வாயில இந்த வார்த்தை வரலாமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இந்த ஒரு தடவை நான் கேக்காத மாதிரி இருந்துக்கறேன். அடுத்த மாசமும் எடை ஏறலைன்னா டப்பாவை நிறுத்த வேண்டி வரும்.”

வீட்டுக்கு வந்து தையல்கார அக்காவிடம் சொன்னேன். அக்கா எண் ஒன்றைக் குப்புறப் போட்டு முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தது. யாரோ அவசரத்தில் தைத்தது, பிரிப்பது சுலபம் என்றது. வீடு கட்டுகிற இடத்திலிருந்து நான் மணல் கொண்டுவந்தேன். இருநூறு கிராமைக் கையாலேயே அள்ளினேன், அந்த அளவுக்குக் கை பழகியிருக்கிறது. அக்கா உள்ளே கொட்டித் தைத்தது. தைக்கும்போது பட்டுவின் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொன்னது. பிள்ளை பயந்துக்கும் என்றது.

ஆறு கிலோ முந்நூறு.

எழுத்தர் தராசு முள்ளை மூன்று முறை பார்த்தார். அலுவலர் அம்மா ஓடிவந்தார். பதினோரு வருடத்தில் எண் ஒன்று எடை ஏறியது இதுவே முதல் தடவை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. எழுத்தர் அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் இருநூறு. அதற்கு அடுத்த மாதமும் இருநூறு. அறிக்கை மேலே போனது. மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். என்னைத் தண்டிக்க இருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எனக்கு ‘முன்மாதிரிப் பராமரிப்பாளர்’ என்று விருது தட்டச்சாகி வந்தது.

விழா மையத்து முற்றத்தில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி காரில் வந்தார். எண் ஒன்றுக்குப் புது உடுப்புப் போட்டு மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என்னை ஓர நாற்காலியில். பட்டு என் காலடியில் தரையில் இருந்தாள். மேலதிகாரி நிதானமாகப் பேசினார்.

“மத்த குழந்தைங்க ஒரு மாசம் ஏறுது, ஒரு மாசம் இறங்குது. காய்ச்சல்ங்குது, வாந்திங்குது. சிலது செத்தும் போயிடுது. ஒரு திட்டத்தை எப்படிங்க மதிப்பிடறது? ஆனா இந்தக் குழந்தையைப் பாருங்க. ஒரு நாள் அழுததில்ல. இது வேணும் அது வேணும்னு கேட்டதில்ல. மாசம் பொறந்தா இருநூறு கிராம். எல்லாக் குழந்தையும் இப்படி ஆயிட்டா, இந்தத் துறைக்கு ஒரு குறை வராது.”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் ஒரு அறிவிப்புச் செய்தார். இப்படிப்பட்ட குழந்தை ஒரு சின்ன வீட்டில் முடங்கக் கூடாது. தலைமை அலுவலகத்தின் வரவேற்பறையில் எல்லோரும் பார்க்கும்படி வளர வேண்டும். காரிலேயே அழைத்துப் போகிறார். மாவு பிள்ளையோடு போகும்.

நான் எழுந்து நின்றேன். என் கையில் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதற்குள் எழுத்தர் எண் ஒன்றைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கிப் போனார்.

பட்டு நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. இடுப்பு ஆடியது, விழவில்லை. நாலு அடி. நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்டாள். முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லோரும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கிறவர் மட்டும் குனிந்து, “யாரோட குழந்தைங்க இது, ஃபிரேம்ல விழுது, கொஞ்சம் ஓரமாத் தூக்கிக்கங்க” என்றார்.

வீட்டில் அரை டப்பா மாவு மிச்சம் இருந்தது. பட்டு வாய் திறக்கவில்லை. தலையணைக்கு ஊட்டிக் காட்டினேன், ஏமாறவில்லை. இரண்டு நாள் வெறும் தண்ணீர்தான் இறங்கியது. மூன்றாம் நாள் வேறு வழி தெரியாமல் கரண்டியை ஊதி என் உதட்டில் நானே வைத்துக்கொண்டு பத்து எண்ணி, துணியால் துடைத்துக்கொண்டேன். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மேலே, என் கண்ணைப் பார்த்தாள். நாலு வருடத்தில் முதல் தடவை. பிறகு வாயைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் தையல்கார அக்கா ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தது. இதைச் சொல்வதென்றால் சுவருக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. பயனாளியைப் பிரிந்த பராமரிப்பாளர்களுக்கு மன ஆறுதல் ஆலோசனை கட்டாயம். பட்டுவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆலோசகர் பணியிடம் காலியாம், அலுவலர் அம்மாதான் கூடுதல் பொறுப்பு. அதே அறையில் மூலையில் சின்ன மேசை, துணி விரிப்பு, பிளாஸ்டிக் பூ. தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தச் சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். குரல் வேறாகிவிட்டது.

“எப்படி இருக்கீங்க?” என்றார். “அவளைப் பத்திச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. நமக்கு நேரம் இருக்கு.”

இந்த நாலு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஆரம்பித்தேன். அவள் எப்படி விரல் சப்புவாள், தண்ணீர் சத்தம் கேட்டால் எப்படித் தலையைச் சாய்ப்பாள், ஒன்பதோடு நிறுத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பாள். தோளில் எப்போது கனம் கூடியது. கட்டில் சட்டம். நாலு அடி. என் கண்ணைப் பார்த்தது. ஒரு மணி நேரம் பேசினேன். பட்டு தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பூவை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலர் அம்மா நிறுத்தாமல் எழுதினார். நாலு அடிக்கு வந்தபோது நிஜமாகவே அழுதார். எழுதி முடித்ததும் கோப்பை மூடினார். மேலே ‘பயனாளி எண் ஒன்று’ என்று இருந்தது.

“எவ்வளவு முன்னேற்றம்,” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். “தலைமை அலுவலகத்துக்கு உடனே அனுப்பிடறேன். உங்க மனசு லேசாச்சா?”

ஆச்சு என்றேன். பொய் இல்லை. பிறகு மாவு விஷயம் கேட்டேன். வீட்டில் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது.

அதை இந்த மேசையில் பேச முடியாது என்றார். எழுந்து போய்ப் பெரிய மேசையில் உட்கார்ந்தார், கண்ணாடியை மாற்றிக்கொண்டார், உள்ளே வருகிற ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். என் மகளுக்குச் சத்து மாவு வேண்டும் என்றேன். இப்போது என் வீட்டில் பயனாளி யாரும் இல்லாததால் புதிதாக விண்ணப்பிக்கலாம், எண் ஒன்றுக்கு இனித் தலைமை அலுவலகமே மாவு கொடுப்பதால் மையத்தில் இந்த மாதம் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது, ஆனால் நடக்க ஆரம்பித்த பிள்ளை என்றால் தேறியவர் பட்டியலில் போய்விடும், அதற்கு டப்பா இல்லை என்று விவரம் சொன்னார். படிவத்தை எடுத்தார். வயது கேட்டார். சொன்னேன். எடை கேட்டார். சொன்னேன்.

கீழே பட்டு மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை விட்டிருந்தாள்.

“குழந்தை நடக்கிறாளா?”

அலுவலர் அம்மாவின் இமையில் இன்னும் ஈரம் காயவில்லை. பேனா காத்திருந்தது. நான் குனிந்து பட்டுவை இரண்டு கையாலும் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லைங்க,” என்றேன்.

எழுதிக்கொண்டார். கீழே இறக்கிவிடச் சொல்லிப் பட்டுவின் இரண்டு கால்களும் என் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தன. நல்ல தெம்பாக உதைத்தாள்.